மௌனத்தின் காலக்கெடு

கணவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறான். மனைவி ஜன்னலோரம் நிற்கிறாள். ‘என்னாச்சு?’ ‘ஒண்ணுமில்ல.’ இசை எழுகிறது, ‘தொடரும்’. இந்த ‘ஒண்ணுமில்ல’வை நாம் உளவியலாக மட்டும் வாசித்துப் பழகிவிட்டோம். அதற்கு ஒரு வரலாறும் உண்டு. அது கால அளவின் வரலாறு.

மயிலாப்பூர், தி.நகர் சபா நாடகங்களில் தம்பதியர் பிணக்கு இரண்டு மணி நேரத்துக்குள், ஒரே கூடத்தில், சத்தமாகப் பேசித் தீர்க்கப்பட்டது. பின்வரிசைக்குக் கேட்காத எதுவும் அங்கே நாடகமில்லை. மௌனத்தை நெருங்கிப் பார்க்கக் காமிரா வேண்டியிருந்தது. ‘மௌன ராகம்’ (1986) திவ்யா கல்யாணமான கையோடு விவாகரத்து கேட்கிறாள். ஒரு வருஷம் பொறு என்கிறது சட்டம். 1955இன் இந்துத் திருமணச் சட்டம் மூன்று வருஷம் என்றிருந்ததை 1976 திருத்தம் ஒன்றாகக் குறைத்திருந்தது. ஆக, அந்த டில்லி வீட்டின் மௌனம் சட்டம் விதித்த மௌனம்; அதற்கு முடிவுத் தேதி உண்டு.

1975இல் தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சியின் 13 வாரத் தொடர்களிலும் கெடு இருந்தது. கடைசி வாரம் யாராவது வாய் திறந்தே ஆகணும். 1993இல் சன் டி.வி. வந்து, ‘சித்தி’ (1999–2001) போன்ற தினசரித் தொடர்கள் வீட்டு வழக்கமான பிறகு அந்தக் கெடு போய்விட்டது. மனைவி கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்டால் கதை முடிந்துபோகும். விளம்பரதாரரின் அரைமணி நேரமும் போகும். மௌனம் கச்சாப்பொருளாகிவிட்டது.

இந்தச் சுமை சமமானதல்ல. அவன் பேசாவிட்டால் ‘ஆழமானவன்’. அவள் பேசாவிட்டால் ‘பொறுமைசாலி’, பேசினாலோ ‘வாயாடி’. ‘கோலங்கள்’ (2003–2009) அபி கணவனை விட்டுப் பிரிந்தாள் என்பதை மறுக்கவில்லை. அத்தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே, 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், சொல்லாலும் மனரீதியாகவும் இழைக்கும் கொடுமையையும் வன்முறை என்றது. ஆனாலும் பெரும்பாலான தொடர்கள் அதை ‘ஊடல்’ என்றே காட்டுகின்றன.

ஊடலா இது? மருதத்தில் காரணம் வெளிப்படை: பரத்தையிடமிருந்து திரும்பும் தலைவனுக்குத் தலைவி வாயில் மறுக்கிறாள். பாட்டுக்குள்ளாவது கதவைச் சாத்தும் அதிகாரம் அவளுக்கு இருந்தது. தொடரின் தலைவிக்குச் சாத்த எந்தக் கதவும் இல்லை, ஜன்னல்தான் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அடையாறு ஃபிளாட் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்காமல் நம் விமர்சனம் நகரமுடியாது.