தூணுக்கு அடியில ஏன் கல் வச்சாங்க?

பட்டணத்துல இருந்து நிறைய பேர் பழைய வீட்டுத் தூண், நிலைக்கதவு எல்லாம் தேடித்தேடி வாங்கிட்டுப் போறாங்க. செட்டிநாட்டுப் பக்கம் வீடு பிரிக்கும்போது வர்ற பர்மா தேக்குக்கு நல்ல கிராக்கி. அதைக் கொண்டுபோய் மொட்டை மாடியிலயும் பண்ணை வீட்டு முற்றத்துலயும் சிமெண்டு வச்சு நிறுத்திடறாங்க. தலைமுறை கணக்கா நின்ன தூண், சில மழைக்காலத்துலயே அடியில இத்துப்போகுது. தேக்குன்னு சொல்லி ஏமாத்திட்டான்னு வித்தவனைத் திட்டுறாங்க. அந்தத் தூண் முன்னே எப்படி நின்னுச்சுன்னு யாரும் பார்க்கிறதில்லை.

மரத்தைத் தின்கிறது கரையானும் பூஞ்சணமும். பூஞ்சணத்துக்கு ஈரமும் வேணும், காத்தும் வேணும். மரத்துல ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தா அது வளராது. எப்பவும் தண்ணிக்குள்ளயே மூழ்கிக் கிடந்தாலும் காத்து இல்லாம வளராது. கிணத்தடியில போடுற நெல்லிக்கட்டை கெடாம கிடக்கிறது இதனாலதான். காஞ்சிபுரத்து அத்திவரதரை 1979-ல வெளியே எடுத்தாங்க, அப்புறம் 2019-ல எடுத்தாங்க. நடுவுல 40 வருஷம் குளத்துக்குள்ள. வெயிலிலும் மழையிலும் போட்டா அத்தி சீக்கிரம் கெடுற மரம், தண்ணிக்குள்ள தாங்கும்.

கெடுதல் வர்றது நனைஞ்சு காய்ஞ்சு, மறுபடி நனையுற இடத்துல. வேலிக்காலைப் பிடுங்கிப் பாருங்க. தலை நல்லா இருக்கும். மண்ணை ஒட்டின ஒரு சாண் மட்டும் புட்டு மாதிரி உதிரும்.

நம்ம முன்னோர் இதைப் புரிஞ்சுதான் வீடு கட்டினாங்க. தூணுக்கு அடியில கல். ஏன்னா மரத்தோட வெட்டு முனைதான் தண்ணியை அதிகமா உறிஞ்சும். கூரையைச் சுவரைத் தாண்டி நல்லா இறக்கி விட்டதால சாரல் திண்ணைத் தூணைத் தொடாது. மூங்கிலை வெட்டினதும் குளத்துல ஊறப்போட்டாங்க. உள்ளே இருக்கிற மாவுச்சத்து கரைஞ்சு போனா உளுக்காது. எண்ணெய் இதுக்கெல்லாம் அப்புறம்தான். இங்கே வேப்பெண்ணெய், கடற்கரையில தோணிக்குப் புன்னை எண்ணெய், முந்திரி விளையுற பக்கம் முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய்.

ரயில் வந்ததும் கணக்கு மாறிப்போச்சு. தண்டவாளக் கட்டைக்குக் கூரை போட முடியாது, மண்ணுல இருந்து தூக்கியும் வைக்க முடியாது. 1838-ல இங்கிலாந்துல ஜான் பெத்தல்ங்கிறவர், நிலக்கரித் தார்ல இருந்து எடுக்கிற கிரியோசோட் எண்ணெயை மூடின உருளைக்குள்ள அழுத்தம் கொடுத்து மரத்துக்குள்ள ஏத்துற முறைக்குக் காப்புரிமை வாங்கினார். பழைய ரயில் கட்டை கருப்பா, நாத்தமா இருக்குமே, அது இந்த எண்ணெய்தான்.

அடுத்த பெரிய மருந்து நம்ம நாட்டுலயே பிறந்தது. 1933-ல டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்துல சொந்தி காமேசம்ங்கிற விஞ்ஞானி தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூணையும் சேர்த்துக் கண்டுபிடிச்சார். தாமிரம் பூஞ்சணத்தைக் கொல்லும், ஆர்சனிக் கரையானைக் கொல்லும், குரோமியம் ரெண்டையும் மழையில கரையாம மரத்தோட பிடிச்சு வைக்கும். மின்கம்பம், வேலிக்கால்னு உலகம் பூரா பரவிச்சு. ஆனா ஆர்சனிக் விஷமாச்சே. 2003 முடிவோட அமெரிக்காவுல வீட்டு உபயோக மரத்துக்கு இதைப் போடுறதை நிறுத்தினாங்க. மருந்தேத்தின பழைய கம்பம் கிடைச்சா அடுப்பெரிக்காதீங்க, சாம்பல்ல விஷம் அப்படியே இருக்கும்.

இந்த மருந்தெல்லாம் தண்ணியைத் தடுக்க முடியாத இடத்துக்காக வந்தது. உங்க வீட்டு மரத்துக்குத் தண்ணியைத் தடுக்க முடியும். தூணை ஒரு சாண் உயரக் கல் மேல நிறுத்துங்க, சிமெண்டுக்குள்ள புதைக்காதீங்க. மேல ரெண்டு அடி கூரையாவது நீட்டுங்க. கெட்டியா பெயிண்ட் அடிச்சிட்டா போதும்னு நினைக்காதீங்க. வெடிப்பு வழியா உள்ளே போற தண்ணி வெளியே வர வழியில்லாம உள்ளேயே மக்க வைக்கும். ஐப்பசி மழைக்கு முன்னால நல்ல வெயில் நாளாப் பார்த்து, வெட்டு முனையிலயும் வெடிப்பிலயும் எண்ணெய் ஊற விடுங்க.

வாங்கப் போறப்போ தூணோட சேர்த்து அந்த அடிக்கல்லையும் கேளுங்க. பெரும்பாலும் வாசல் ஓரமா சும்மாதான் கிடக்கும்.