வீட்டுத் திசைவியும் இணையவழிக் கன்சோல் விளையாட்டும்

இணைய நெறிமுறையின் நான்காம் பதிப்பில் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே உள்ளன. இவை தீர்ந்துவிடும் என்ற அச்சத்தால் உருவானதே 'நாட்' எனப்படும் பிணைய முகவரி மாற்றம். 1994 மே மாதம் வெளியான ஆர்.எஃப்.சி 1631 ஆவணம் இதை விவரித்தது. இதன்படி, வீட்டிலுள்ள கருவிகள் அனைத்தும் திசைவியின் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன.

வெளியிலிருந்து தானாக வரும் தரவு எந்தக் கருவிக்கு உரியது என்பது திசைவிக்குத் தெரியாது. எனவே அதைக் கைவிட்டுவிடும். இணையப் பக்கங்களைப் படிப்போருக்கு இது இடையூறாக இருக்கவில்லை. 2002 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் லைவ் தொடங்கியபோது நிலைமை மாறியது. பல விளையாட்டுகளில் ஒரு வீரரின் கன்சோலே வழங்கியாகச் செயற்பட்டதால், மற்றவர்களின் கன்சோல்கள் அதனை நேரடியாக அணுக வேண்டியிருந்தது.

இதற்கு இரு வழிகள் இருந்தன. கன்சோலுக்கு மாறாத உள்முகவரி ஒதுக்கி, 3074 போன்ற துறை எண்ணுக்கு வரும் தரவை அதற்குத் திருப்பிவிடுவது ஒன்று. கன்சோலே திசைவியிடம் கேட்டுத் துறையைத் திறக்க உதவும் 'யுபிஎன்பி' மற்றொன்று. இரண்டாவது எளிது, ஆனால் கடவுச்சொல் கேட்பதில்லை. தீநிரலும் அதே வாயிலைத் திறக்கலாம். 2013இல் ரேப்பிட்7 நிறுவனம் வெளியிட்ட ஆய்வில், 8 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் யுபிஎன்பி வினவல்களுக்கு வெளி இணையத்திலேயே விடையளித்தது தெரியவந்தது.

2011 பிப்ரவரியில் உலகளாவிய முகவரி இருப்பு தீர்ந்தது. இணையச் சேவை நிறுவனங்களும் நாட் முறையைப் பயன்படுத்தும் இடங்களில், வீட்டுத் திசைவியில் மட்டும் துறையைத் திறப்பது பயன் தராது. ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி தரும் ஆறாம் பதிப்பே இதற்கு நிலையான தீர்வாகக் கருதப்படுகிறது.