மஞ்சள் நிறப் பசு

பசு மஞ்சள் நிறமாயிருக்குமோ? குதிரை நீல நிறமாயிருக்குமோ? ஜேர்மனிய ஓவியர் பிரான்ஸ் மார்க்கின் படங்களைக் காண்போர் பலர் உள்ளத்தில் எழும் வினாக்கள் இவை. கண்ட பொருளைக் கண்டவாறே படியெடுத்தலை விடுத்து, அப்பொருள் எழுப்பும் உணர்வை நிறத்தாலும் கோட்டாலும் புலப்படுத்துவதே வெளிப்பாட்டு ஓவியமாகும். இயற்கையை உள்ளவாறு வரையத் தெரியாதோரே இந்நெறியை நாடினர் என்று குறை கூறுவோர் உளர். அக்கூற்றுப் பொருந்துமா என்பதை மார்க் ஓவியம் கற்ற வரலாற்றைக் கொண்டு ஆராய்வாம்.

மார்க் 1880 ஆம் ஆண்டில் மியூனிச் நகரிற் பிறந்தார். அவர் தந்தையாரும் ஓவியரே. 1900 இல் அந்நகரக் கலைக்கழகத்திற் சேர்ந்து மரபுவழி ஓவியம் பயின்றார். 1903 இலும் 1907 இலும் பாரிஸ் சென்று புதிய ஓவியங்களைக் கண்டார். வான் கோவின் படைப்புக்கள் அவரைப் பெரிதும் கவர்ந்தன. எனினும், உடனே நிறங்களை மாற்றி வரைய அவர் முனைந்தாரல்லர். பேர்லின் விலங்குக் காட்சிச்சாலையிலிருந்து விலங்குகளை வரைந்து பழகினார். என்பும் தசையும் மூட்டும் இயங்குமாற்றை நுணுகி ஆராய்ந்தார். விலங்குகளின் உடலமைப்பைப் பிறர்க்குக் கற்பித்து வருவாய் தேடுமளவுக்கு அத்துறையில் அவர் தேர்ச்சி பெற்றிருந்தார்.

உருவம் கைவந்தபின்னரே நிறத்தைப் பற்றிய ஆராய்ச்சி முதிர்ந்தது. 1910 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவுகுஸ்ட் மாக்கே என்னும் இளம் ஓவியரின் நட்புக் கிடைத்தது. அவ்வாண்டிலேயே மார்க், பவேரியாவின் சிண்டல்ஸ்டோர்வ் என்னும் சிற்றூரிற் குடியேறினார். மேய்ச்சல் நிலமும் மாடுகளும் குதிரைகளும் அங்கு அவர் பாடநூலாயின. நீலம் ஆண்மையும் ஆன்மிகமும் உடையது, மஞ்சள் மென்மையும் மகிழ்ச்சியும் வாய்ந்த பெண்மை, சிவப்புப் பருப்பொருளின் கடுமை என்று அவ்வாண்டிறுதியில் மாக்கேக்குக் கடிதம் எழுதினார். 1911 இற் பனியிற் படுத்திருக்கும் நாயை வரைந்தபோது, கண்ணாடி அரியத்தின் வழியே நோக்கித் தம் நிறங்களைச் சோதித்தார். கற்பனையின் பக்கத்திற் சோதனையும் நின்றதென்பது இதனாற் புலனாகும்.

இக்கல்வியின் பயனே 1911 இல் தோன்றிய ‘மஞ்சட் பசு’. ஏறத்தாழ 140 சதமமீற்றர் உயரமும் 189 சதமமீற்றர் அகலமுமுடைய இப்படம் இன்று நியூயோர்க்கிலுள்ள கூகன்ஹைம் நூதனசாலையில் உள்ளது. நீல மலைகளின் முன்னே, பின்னங்கால்களை உதறித் துள்ளுகின்றது பசு. தொலைவிற் சிறிய செந்நிற மாடுகள் மேய்கின்றன. நிறம் இயற்கையினின்று விலகியதாயினும், துள்ளும் பசுவின் பாரத்தை முன்னங்கால்கள் தாங்கும் முறையிற் பழைய உடலமைப்புப் பயிற்சி ஒளிர்கின்றது. அம்மஞ்சளை நீக்கின் அதன் களிப்பும் நீங்கும். அவ்வாண்டு டிசெம்பரிற் கண்டின்ஸ்கியுடன் இணைந்து மார்க் மியூனிச்சில் நடத்திய ‘நீலக் குதிரை வீரன்’ குழுவின் முதற் கண்காட்சி ஓவிய வரலாற்றில் ஒரு திருப்பமாயிற்று.

ஆயின் காலம் அவருக்கு அருளவில்லை. முதலாம் உலகப் போரில் மாக்கே 1914 இல் மடிந்தார். மார்க் 1916 மார்ச் 4 ஆம் நாள் வேர்டன் களத்தில், தமது 36 ஆவது வயதில் உயிர் துறந்தார். போரில் மாண்ட அவரின் படைப்புக்களையும் நாற்சி அரசு ‘சீரழிந்த கலை’யென இகழ்ந்து 1937 இற் பொதுக் காட்சியகங்களினின்று அகற்றியது. 1913 இல் அவர் தீட்டிய ‘நீலக் குதிரைகளின் கோபுரம்’ இரண்டாம் உலகப் போரின்பின் மீண்டும் கிடைத்திலது.

‘இயற்கைக்கு மாறானது’ என்பதே இகழ்ந்தோர் கையாண்ட வாதம். இயற்கையை அவர்களிலும் கூர்ந்து கற்றவர் மார்க் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்திலர். ஓவியம் பயிலும் மாணவர் இவ்வரலாற்றினின்று கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. மாட்டைக் காணாது மஞ்சளைத் தீட்டுவோன் நிறத்தையே தீட்டுகின்றான். மாட்டைப் பல்லாண்டு கண்டவன் தீட்டும் மஞ்சளில் மாடு உயிர் பெறுகின்றது. விதியைக் கடக்கும் உரிமை, விதியைக் கற்றவனுக்கே உரியது.