ஃபேஷன் டிசைன் படிப்பு: ஃபீஸில் சேராத செலவு என்னென்ன? மைசூருவில் சேரும் முன் போட வேண்டிய கணக்கு

‘அக்கா, டிரேப்பிங் கிளாஸுக்குத் துணி வாங்கணும், ரெண்டாயிரம் ஜிபே பண்ணு.’

தங்கையையோ தம்பியையோ ஃபேஷன் டிசைன் படிக்க வைப்பவர்களுக்கு இந்த மெசேஜ் புதிதல்ல. ஃபீஸ்தான் கட்டியாச்சே என்று கேட்டால் சண்டைதான் வரும். இந்தப் படிப்பில் ஃபீஸ் என்பது செலவில் ஒரு பகுதி மட்டுமே. மைசூருவில் படிக்க யோசிப்பவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியவை இங்கே.

என்னென்ன வழிகள் உள்ளன?

மத்திய அரசின் நிஃப்ட் மைசூருவில் இல்லை. சுமார் 145 கி.மீ. தொலைவில் பெங்களூருவில் இருக்கிறது. அங்கே நுழைவுத் தேர்வு எழுதி, 4 ஆண்டு பி.டெஸ். படிக்கலாம். டியூஷன் ஃபீஸ் மட்டுமே மொத்தம் 10 லட்சம் ரூபாயைத் தாண்டும். குடும்ப வருமானம் குறைவு என்றால் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்.

மற்றபடி மூன்று வழிகள்: பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியில் பட்டப்படிப்பு, 10-ம் வகுப்பு முடித்ததும் சேரக்கூடிய 3 ஆண்டு பாலிடெக்னிக் டிப்ளமோ, தனியார் இன்ஸ்டிட்யூட் தரும் சான்றிதழ் படிப்பு. விளம்பரத்தில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டு, அதன் பெயர் யுஜிசி பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

வேலை ஏன் இவ்வளவு அதிகம்?

காரணம் கிரெடிட் கணக்கில் இருக்கிறது. தியரியில் 1 கிரெடிட் என்றால் வாரம் 1 மணி நேர வகுப்பு. பிராக்டிகலில் அதே 1 கிரெடிட்டுக்கு 2 மணி நேரம். ஒரு செமஸ்டரில் 20 கிரெடிட், அதில் 14 பிராக்டிகல் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 6 + 28 = 34 மணி நேரம் வகுப்பிலேயே போய்விடும். அதே 20 கிரெடிட்டைத் தியரியாகவே படிப்பவருக்கு 20 மணி நேரம்தான்.

இது வகுப்பு நேரம் மட்டும். இல்லஸ்ட்ரேஷன், பேட்டர்ன் மேக்கிங், தையல், கம்ப்யூட்டர் டிசைன் எல்லாவற்றுக்கும் அசைன்மென்ட் உண்டு. பேட்டர்ன் அரை அங்குலம் தவறினாலும் தோள் சரியாக உட்காராது. பிரித்து மறுபடி தைக்க வேண்டும். செமஸ்டர் முடிவில் ஜூரி முன்பு வேலையை வைத்து விளக்க வேண்டும். அந்த வாரங்களில் தூக்கம் குறையும். ‘பார்ட் டைம் வேலை பார்த்துச் சமாளிச்சுடலாம்’ என்ற திட்டம் பல சமயம் இங்கேதான் அடிபடும்.

ஃபீஸில் வராத செலவுகள் எவை?

துணி, பேட்டர்ன் பேப்பர், கத்தரிக்கோல், கலர், பிரின்ட் அவுட், கிராஃபிக்ஸ் சாஃப்ட்வேர் ஓடக்கூடிய லேப்டாப், வீட்டில் ஒரு தையல் மெஷின். முதலில் விலை குறைந்த காடா துணியில் தைத்துப் பார்த்து, பிறகுதான் நல்ல துணியில் கை வைப்பார்கள். அதாவது, ஒரு உடைக்கு இரண்டு முறை துணி.

கடைசி ஆண்டு கலெக்‌ஷன்தான் பெரிய செலவு. 5 உடைகள், ஒவ்வொன்றுக்கும் 4 மீட்டர், மீட்டர் 300 ரூபாய் என்றால் துணிக்கே 6,000 ரூபாய். எம்பிராய்டரி, லைனிங், போட்டோஷூட் எல்லாம் தனி. பட்டு என்றால் கணக்கே வேறு.

மைசூருவில் படிப்பதால் என்ன லாபம்?

1912-ல் தொடங்கிய பட்டு நெசவு ஆலை மானந்தவாடி சாலையில் இன்றும் ஓடுகிறது. மைசூர் சில்க் சேலை அங்கே நெய்யப்படுகிறது. மத்தியப் பட்டு வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனமும் இதே ஊரில். பெங்களூரு போகும் வழியில் ராமநகரம் பட்டுக்கூடு சந்தை. கூட்டிலிருந்து சேலை வரை எல்லாக் கட்டங்களையும் பக்கத்திலேயே பார்க்கலாம். ஆனால், கல்லூரி அழைத்துப் போனால்தான் இது படிப்பின் பகுதியாகும்.

லோன் வாங்கினால் இஎம்ஐ எவ்வளவு?

ஆண்டுக்கு 2.5 லட்சமாக 4 ஆண்டுகளில் 10 லட்சம் வாங்குவதாகக் கொள்வோம். 10% தனிவட்டி, படிப்புக் காலமும் கூடுதலாக 1 ஆண்டும் தவணை இல்லை என்றால், கட்டத் தொடங்கும்போது கடன் 13.5 லட்சமாகியிருக்கும். 10 ஆண்டுகளில் அடைக்க மாதம் சுமார் 17,840 ரூபாய். கையில் வரப்போகும் முதல் சம்பளத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கருவிகள், லேப்டாப், புராஜெக்ட் செலவுகளையும் கல்விக் கடனில் சேர்க்க வழியுண்டு. கல்லூரியிடம் எழுத்துபூர்வமாக மதிப்பீடு வாங்குங்கள். இன்னொன்று: வட்டிக்கான வரிச்சலுகை பழைய வரி முறையில் மட்டுமே. அதுவும் தனக்கோ, கணவன் அல்லது மனைவிக்கோ, பிள்ளைக்கோ, சட்டப்படி காப்பாளராக இருக்கும் மாணவருக்கோ வாங்கிய கடனுக்குத்தான். தங்கைக்காக அக்கா கடன் எடுத்தால், சட்டப்படி காப்பாளராக இல்லாதவரை சலுகை கிடையாது.

சேரும் முன் கேட்க வேண்டியவை

• வாரம் எத்தனை மணி நேரம் பிராக்டிகல்?
• மெட்டீரியல் செலவில் கல்லூரி தருவது எது, மாணவர் வாங்குவது எது?
• வகுப்பு முடிந்த பிறகு லேப், தையல் மெஷின் எத்தனை மணி வரை கிடைக்கும்?
• இன்டர்ன்ஷிப் எங்கே, ஸ்டைபண்ட் உண்டா?

இதே கேள்விகளைக் கடைசி ஆண்டு மாணவர் ஒருவரிடமும் கேளுங்கள். உண்மையான பட்ஜெட் அவருக்குத்தான் தெரியும்.