இடத்தைக் கேட்கும் வலை, பொருளைக் கேட்கும் வலை

கேரள எல்லையான வாளையாரில் வரிச் சோதனைச் சாவடி இருந்தவரை சரக்கு லாரி எல்லையில் வரிசைகட்டி நின்று, தாள்களைக் காட்டித்தான் பாலக்காட்டுப் பக்கம் போகும். ஜிஎஸ்டி வந்தபின், 2018 ஏப்ரல் 1 முதல், மாநிலம் கடக்கும் சரக்கோடு இ-வே பில் எண்ணும் பயணிக்கிறது. வழியில் எங்கும் சரிபார்க்கலாம். வழக்கமான வலைக்கும், கோப்புகளைப் பல கணினிகளில் பகிர்ந்து வைக்கும் ஐபிஎஃப்எஸ் வலையமைப்புக்கும் உள்ள வேறுபாடும் ஏறக்குறைய இதுவே. வலை, கோப்பு எந்த சர்வரில் இருக்கிறது என்று கேட்கிறது. ஐபிஎஃப்எஸ், எந்தக் கோப்பு என்று கேட்கிறது. உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட எண்ணே அங்கு முகவரி. ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும்.

வலையில் முகவரியை முடக்கினால் கதை முடிந்தது. 2012இல் '3' படத்தின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் தந்த தடையாணையைக் காட்டி, இணையச் சேவை நிறுவனங்கள் விமியோ போன்ற தளங்களை முழுதாகவே அடைத்தன. குறிப்பிட்ட பக்கங்களை மட்டுமே முடக்கலாம் என்று ஜூனில் நீதிமன்றம் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது.

பரவலாக்கப்பட்ட முறை இதிலிருந்து தப்புமா? டாரண்ட் கோப்பு ஆயிரம் கணினிகளில் சிதறிக் கிடந்தாலும் அதைத் தேடித் தந்தது பைரேட் பே போன்ற வலைத்தளம்தான். 2012இல் அதுவும் முடங்கியது. 2017இல் துருக்கி விக்கிப்பீடியாவைத் தடைசெய்தபோது துருக்கி மொழிப் பதிப்பின் பிரதி ஐபிஎஃப்எஸ்ஸில் ஏறியது. அருமையான முயற்சி. ஆனால் அது ஒருநாள் நிலவரத்தின் நகல், திருத்த முடியாது. தனி மென்பொருள் இல்லாதவர் அதைத் திறக்க நுழைவாயில் சர்வர் ஒன்றை நாட வேண்டும். அந்தச் சர்வருக்கும் டொமைன் பெயர் உண்டு, அதையும் அடைக்கலாம்.

இரண்டுக்கும் எதிர்பாராத உறவு மறதியில் இருக்கிறது. 2009இல் யாகூ தன் இலவச வலைப்பக்கச் சேவையான ஜியோசிட்டீஸை மூடியதும் அங்கிருந்த பக்கங்கள் அந்த முகவரிகளில் இல்லாமல் போயின. ஐபிஎஃப்எஸ்ஸில் மூடுவதற்கு நிறுவனம் இல்லை; ஆனாலும் யாரும் ‘பின்’ செய்து, அதாவது நீக்காமல் வைத்திருக்கும்படி குறித்து, வைக்காத கோப்பு, கணினிகள் இடம் ஒழிக்கும்போது ஓசையின்றிப் போய்விடும். எண் மட்டும் மிஞ்சும். வலையில் வாடகை கட்ட ஒருவர் வேண்டும். இங்கே வட்டில் இடம் தந்து கணினியை ஓடவிட ஒருவர் வேண்டும். நம்மில் பெரும்பாலோர் கையில் இருப்பதோ கைபேசி. பேட்டரி, டேட்டா, அடிக்கடி மாறும் நெட்வொர்க் என்று எல்லாமே அந்த வேலைக்குத் தடை.

ஆகவே ஒன்று மற்றதற்கு மாற்று என்று நான் சொல்லமாட்டேன். நாள்தோறும் மாறும் பக்கத்துக்கு வலையே பொருத்தம். ஸ்கேன் செய்த பழைய தமிழ் நூல் இனி மாறப்போவதில்லை; அதற்கு ஐபிஎஃப்எஸ் பொருத்தம். கல்லூரி நூலகங்கள் ஆளுக்கொரு கணினியில் அத்தகைய நூல்களைப் பின் செய்து வைக்க முன்வர வேண்டும்.