ஸ்க்ரூவைத் தொடுமுன் மீட்டர்

கல்லூரி வொர்க்ஷாப்பில் கார்புரேட்டரைக் கழற்றி மாட்டிப் பழகியவர்கள்தானே நாம்! அதன் ராஜ்யத்தை அசைத்தது, 1967-ல் ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் வந்த போஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக். இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை ஒரு சென்சார் அளக்கும். இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை டிரான்சிஸ்டர் பெட்டி முடிவு செய்யும்.

புகையைச் சோதித்துத் தானே திருத்திக்கொள்ள உதவும் ஆக்சிஜன் சென்சார் 1976-ல்தான் வால்வோ காரில் வந்தது. அதற்கு முந்தைய பெட்டி, அழுத்த சென்சார் சொல்வதை அப்படியே நம்பும். சென்சாருக்குள் கசிவு விழுந்தால் பெட்ரோல் மிகும், புகை கறுக்கும்.

"சீலை உடைச்சு ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பினா சரியாயிடும்" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவசரம் வேண்டாம், தம்பி தங்கைகளே! தொழிற்சாலையில் வைத்த அளவு போனால் போனதுதான். திரும்பப் பிடிப்பது லேசல்ல. என் வரிசை இது: முதலில் பெட்ரோல் அழுத்தம், அடுத்து வேக்குவம் ஹோஸ், பிறகு வெப்ப சென்சார், 20 டிகிரி செல்சியஸில் சுமார் 2,500 ஓம் காட்ட வேண்டும். கை பம்ப்பால் வேக்குவம் கொடுத்து, அழுத்த சென்சார் தாங்குகிறதா என்றும் பார்த்துவிடுவேன். ஸ்க்ரூ கடைசியில்தான், அதுவும் புகை அனலைசர் பக்கத்தில் இருந்தால்!

இன்றைய கார் தன்னைத் தானே திருத்திக்கொள்கிறது. அந்தக் காருக்குத் திருத்துபவர் நாம்தான்.