மலையில் மாண்டிசோரி, சமவெளியில் பால்வாடி

திண்டுக்கல் வட்டாரத்தில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கென்று ஏற்பட்ட இடங்களின் வரலாறு இரண்டு கேள்விகளில் தொடங்குகிறது. குழந்தை எப்படிக் கற்கிறது என்பது ஒன்று. அந்தக் கேள்வியோடு உலகம் சுற்றிய இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1940-களில் கொடைக்கானலில் தங்கி வேலை செய்தார். தாய் காட்டு வேலைக்குப் போய்விட்டால் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது, யார் சோறு போடுவது என்பது மற்றொன்று. அது கீழே சமவெளியில் இருந்த கேள்வி. வத்தலக்குண்டுக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் இருக்கும் சேவுகம்பட்டி போன்ற ஊர்களுக்குப் பால்வாடி வந்தது இந்த இரண்டாவது கேள்விக்கு விடையாகத்தான். முதல் கேள்வி மலையிலிருந்து இறங்கி வர வெகுகாலம் ஆயிற்று.

பழைய முறையில் ஐந்து வயதுக்கு முன் பள்ளி என்ற பேச்சே இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்ப்பது ஐந்தாம் வயதில். விஜயதசமி அன்று அரிசியைப் பரப்பி, வாத்தியார் பிள்ளையின் விரலைப் பிடித்து முதலெழுத்தை எழுதவைப்பார். அதற்குப் பிறகு மணல். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் ஒவ்வொரு மாவட்டத்திலும் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். அப்போது திண்டுக்கல்லையும் உள்ளடக்கியிருந்த மதுரை மாவட்டத்தில் 844 பள்ளிகள், 13,781 மாணவர்கள் என்று கலெக்டர் எழுதியனுப்பினார். பெண் குழந்தைகள் அதில் மிகச் சிலரே. பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் அனுப்பிய அறிக்கை, பிள்ளைக்கு ஐந்து வயதானதும் வாத்தியாரையும் மற்ற மாணவர்களையும் வீட்டுக்கு அழைத்து, அரிசியில் எழுதவைக்கும் சடங்கை விரிவாகவே சொல்கிறது. இந்த மணல் எழுத்துக்கு வெளிநாட்டிலும் ஒரு வாழ்வு உண்டு. சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தன் இல்லத்திலும் கொண்டுவந்தார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் சேர்த்து 1797-இல் லண்டனில் நூலாக்கினார். அது ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்குள் நுழைந்தது. சட்டாம்பிள்ளை கடல் கடந்துபோன கதை அது.

ஐந்து வயது ஆகாத பிள்ளை வீட்டுப் பொறுப்பு. வீடு என்றால் நடைமுறையில் பாட்டி, பாட்டி இல்லாவிட்டால் அக்கா. நாற்று நடவுக்கும் களையெடுக்கவும் போகிற பெண்கள் கைக்குழந்தையைக் கூடவே கொண்டுபோய், வரப்போரத்து மரத்தில் பழைய சேலையைத் தூளியாகக் கட்டிப் போட்டுவிடுவார்கள். ஆட்டிவிட ஏழெட்டு வயது அக்கா உட்கார்ந்திருப்பாள். நிலக்கோட்டைப் பக்கத்து மல்லிகைத் தோட்டங்களில் பூப்பறிப்பு விடியுமுன் தொடங்கிவிடும் என்பதால் அங்கே இந்த ஏற்பாடு இருட்டிலேயே ஆரம்பமாகும். கிராமத்துப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கு வராததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது முக்கியமானது. பால்வாடியின் வரலாற்றைச் சின்னஞ்சிறு பிள்ளைகளின் வரலாறாக மட்டும் எழுதுகிறவர்கள் இந்த அக்காவை விட்டுவிடுகிறார்கள்.

மலைத் தோட்டங்களில் இதே சிக்கலை முதலாளிகளும் உணர்ந்தார்கள், தங்கள் நோக்கில். பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லையென்றால் பெண் கொழுந்து கிள்ள வரமாட்டாள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் ‘பிள்ளை மடுவம்’ என்று சொன்ன கொட்டகை இப்படி வந்ததுதான். தாய்மார் காலையில் பிள்ளையை அங்கே விட்டுவிட்டு மலையேறுவார்கள். இந்தியாவில் 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பெண்களுக்குமேல் வேலை செய்யும் தோட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் இருக்கவேண்டும் என்று சொன்னது. பட்டிவீரன்பட்டியும் அய்யம்பாளையமும் வியாபாரம் செய்த கீழ்ப்பழனி மலைக் காப்பித் தோட்டங்களில் பல சிறியவை. இந்த வரம்புக்குள் வராதவை. வயல் வேலைக்கு அப்படியொரு சட்டமே கிடையாது.

மாண்டிசோரி 1939 நவம்பரில் பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாற்றுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 69. ஓலைக் குடிசைகளில் நடந்த முதல் பயிற்சி வகுப்புக்கு ஏறக்குறைய முந்நூறு பேர் இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்து சேர்ந்தார்கள். 1940-இல் இத்தாலி போரில் இறங்கியதும் அவர் பிரிட்டிஷ் அரசின் பார்வையில் எதிரி நாட்டவர் ஆனார். மகன் மரியோ முகாமில் அடைக்கப்பட்டார். தாயின் எழுபதாவது பிறந்தநாளையொட்டி விடுவிக்கப்பட்டார். 1942-இல் இருவரும் கொடைக்கானல் போனார்கள். அங்கே ஏறக்குறைய இரண்டாண்டுகள் பல வயதுப் பிள்ளைகளை ஒன்றாக வைத்து ஒரு சிறு பள்ளியை நடத்தினார் மாண்டிசோரி. இலங்கையைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்ன அவருக்குத் துணையாக இருந்தார். அதுவரை ஆறு வயது வரையிலான பிள்ளைகளைப் பற்றியே அதிகம் யோசித்திருந்தவர், மலைச் செடிகொடிகளையும் பூச்சிகளையும் பிள்ளைகள் கவனிப்பதைப் பார்த்து, ஆறு முதல் பன்னிரண்டு வரையிலான கல்வித் திட்டத்தை அங்கேதான் விரிவாக்கினார். மாண்டிசோரி வரலாற்றில் கொடைக்கானலுக்கு இருக்கும் இடம் பெரியது. கொடைக்கானல் வரலாற்றில் மாண்டிசோரிக்கு இருக்கும் இடம் அந்த அளவுக்கு இல்லை. படகுத் துறையும் வானாய்வகமும் அறிந்த சுற்றுலாப் பயணிக்கு இந்தச் செய்தி தெரிந்திருப்பது அபூர்வம்.

அடையாற்றில் பயிற்சி பெற்றவர்கள் பெரும்பாலும் நகரங்களில் பள்ளி தொடங்கினார்கள். மாண்டிசோரி வகுப்புக்கு வேண்டிய மரக்கட்டைகளும் மணிகளும் உருளைகளும் விலையுள்ளவை. இந்தத் தடையைக் காந்தி முன்பே சுட்டியிருந்தார். 1931-இல் லண்டனில் மாண்டிசோரியின் பயிற்சிக் கல்லூரியில் பேசியபோது, வசதியுள்ளவர்களின் பிள்ளைகளுக்கு மட்டுமன்றிப் பரம ஏழைகளின் பிள்ளைகளுக்கும் இந்தக் கல்வி கிடைக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அதற்கு விடை தேடியவர்கள் குஜராத்திலும் மராட்டியத்திலும் இருந்தார்கள். பாவ்நகரில் 1920-இல் குழந்தைப் பள்ளி தொடங்கிய கிஜுபாய் பதேகா மாண்டிசோரியைப் படித்து, கதையும் பாட்டும் நாடகமும் சேர்த்துச் சொந்தமாக்கிக்கொண்டார். அவரோடு வேலை செய்த தாராபாய் மோடக் 1945-இல் தாணே மாவட்டத்துப் போர்டியில், பிள்ளைகள் பள்ளிக்கு வராவிட்டால் பள்ளி அவர்கள் வீட்டு முற்றத்துக்குப் போகட்டும் என்று சேரிகளில் வகுப்பு நடத்தினார். விலையுயர்ந்த சாதனங்களின் இடத்தில் கூழாங்கல்லும் விதையும் இலையும் வந்தன. பால்வாடி, அங்கன்வாடி என்ற இரண்டு பெயர்களும் அந்தப் பகுதியிலிருந்தே நாடு முழுக்கப் பரவின.

திண்டுக்கல் சமவெளிக்குப் பால்வாடியைக் கொண்டுவந்த வழி காந்திகிராமம். கஸ்தூரிபா 1944-இல் மறைந்ததும் அவர் பெயரில் கிராமப் பெண்களுக்காகவும் குழந்தைகளுக்காகவும் அறக்கட்டளை ஏற்பட்டது. தமிழ்நாட்டில் அதன் பொறுப்பை ஏற்றவர் டாக்டர் டி.எஸ். சௌந்தரம். டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள். இளம் வயதில் கணவரை இழந்து, பிறகு மருத்துவம் படித்தவர். அவரும் இரண்டாவது கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் சின்னாளப்பட்டிக்கு அருகே, அம்பாத்துரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தை நிறுவினார்கள். பிரசவ ஆஸ்பத்திரி, கிராம சேவிகைப் பயிற்சி, ஆதாரக் கல்வி, அதற்கு முந்திய பருவத்துக்கான பால்வாடி எல்லாம் ஒரே வளாகத்திலிருந்து கிளம்பின. சௌந்தரம் 1952-இல் ஆத்தூரிலும் 1957-இல் வேடசந்தூரிலும் சட்டமன்றத்துக்கும், 1962-இல் திண்டுக்கல்லிலிருந்து நாடாளுமன்றத்துக்கும் தேர்வானார். மத்தியில் கல்வித் துணை அமைச்சராகவும் இருந்தார். பிள்ளைப்பேறும் பிள்ளை வளர்ப்பும் ஒரே வேலையின் இரண்டு பகுதிகள் என்பது அவர் வைத்த முறை. அங்கே பயிற்சி பெற்ற பெண்கள் சுற்றுக் கிராமங்களுக்குப் போனார்கள். நகம் வெட்டுவது, தலை சீவுவது, கை கழுவுவது, பிறகு பாட்டு, கதை, மண் விளையாட்டு என்று நாள் போகும்.

பாட்டுக்குத் தமிழில் பஞ்சமில்லை. பாரதியின் பாப்பாப் பாட்டு முன்பே இருந்தது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் வங்கி ஊழியராக இருந்த அழ. வள்ளியப்பாவும் எழுதியவை பால்வாடிச் சேவிகைகளின் வாயில் ஏறி, யார் எழுதியது என்று தெரியாமலேயே ஊர்ப் பாட்டாகிவிட்டன.

1953-இல் துர்காபாய் தேஷ்முக் தலைமையில் அமைந்த மத்திய சமூக நல வாரியம் பால்வாடிகளுக்கு மானியம் கொடுத்தது. ஆனாலும் அவை தொண்டர்கள் இருக்கும் இடத்தில் மட்டுமே இருந்தன. ஊருக்கு ஊர் இல்லை. அரசின் கை பலமாக இறங்கியது உணவின் வழியாகத்தான். அமெரிக்கக் கேர் நிறுவனம் 1960-களில் அனுப்பிய கோதுமை ரவையும் மக்காச்சோள மாவும் எண்ணெயும் பள்ளிக்கூட மதிய உணவில் சேர்ந்தன. அந்த மஞ்சள் உப்புமாவின் ருசி ஒரு தலைமுறைக்கு நினைவிருக்கிறது. 1970-இல் வந்த பால்வாடி ஊட்டச்சத்துத் திட்டம் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 300 கலோரி, 10 கிராம் புரதம், ஆண்டுக்கு 270 நாள் என்று கணக்குப் போட்டது. 1972-இல் மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு, பள்ளிக்கு முந்தைய பிள்ளைக்கு உணவு, மருத்துவம், கல்வி மூன்றும் சேர்ந்தே கிடைக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. 1975 அக்டோபர் 2-இல் நாட்டின் 33 ஒன்றியங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. இன்றைய அங்கன்வாடி அமைப்பின் பிறப்பு அது.

தமிழ்நாடு அதோடு நிற்கவில்லை. 1980-இல் உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. சோதனைக்கு முதலில் எடுத்துக்கொண்டது மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியம். திண்டுக்கல் அப்போது மதுரை மாவட்டத்தின் பகுதி. தனி மாவட்டமானது 1985-இல். இந்தத் திட்டத்தின் பார்வை மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகள்மேல். மாதாமாதம் எடை போட்டு அட்டையில் கோடு வரைவார்கள். கோடு மேலே ஏறாத பிள்ளைக்கு மட்டும் சத்துமாவு உருண்டை, குறைந்தது மூன்று மாதம். தேறியதும் நிறுத்திவிடுவார்கள். சிக்கனமான, புத்திசாலித்தனமான ஏற்பாடு. கடும் ஊட்டக்குறைவு கணிசமாகக் குறைந்ததை மதிப்பீடுகள் காட்டின. ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு உருண்டை, தன் பிள்ளைக்கு இல்லை என்பதைத் தாய்மாருக்கு விளக்குவது எளிதாக இருந்திருக்காது.

1982 ஜூலை 1-ஆம் தேதி திருச்சிக்கு அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டம் இந்தக் கணக்குகளையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு, வந்த பிள்ளைக்கெல்லாம் சோறு என்றது. கிராமங்களில் இரண்டு வயது முதலே பிள்ளைகள் இதில் அடங்கினார்கள். அதற்காக ஊர்தோறும் குழந்தைகள் மையம் வேண்டியிருந்தது. கோயில் மண்டபம், சாவடி, வாடகை வீடு, ஓலைக் கொட்டகை, எது கிடைத்ததோ அதில் மையம் எழுந்தது. பொறுப்பாளர், சமைப்பவர், ஆயா என்ற வேலைகள் பெண்களுக்கே போயின. கணவரை இழந்தோருக்கும் ஆதரவற்றோருக்கும் முன்னுரிமை. பொருளாதார வல்லுநர்கள் பலர் வீண் செலவு என்றார்கள். சேவுகம்பட்டி போன்ற ஊர்களில் பால்வாடியை நிலைநிறுத்தியது இந்த முடிவுதான். கல்வியாளர்களின் அறிக்கை எதுவும் அதைச் செய்யவில்லை. சோறு இருந்ததால் பிள்ளை வந்தது, பிள்ளை அங்கே இருந்ததால் அக்கா பள்ளிக்குப் போக முடிந்தது. 1989-இல் கருணாநிதி ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. பிறகு வாரம் ஒன்றாகி, மூன்றாகியது.

பாடம் பின்தங்கியே இருந்தது. ஒரே ஊழியர் எடை போடவேண்டும், பதிவேடு எழுதவேண்டும், தடுப்பூசிக்கு ஆள் திரட்டவேண்டும், கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுக்கவேண்டும். மிச்ச நேரத்தில்தான் கதை. இந்த இடைவெளியில் தனியார் ஆங்கில நர்சரிகள் புகுந்தன. மூன்று வயது முடிந்ததும் கழுத்துப்பட்டையும் ஷூவும் மாட்டி, மஞ்சள் வேனில் ஏற்றி எல்.கே.ஜி.க்கு அனுப்புவது கூலி வேலை செய்யும் குடும்பங்களிலும் வழக்கமானது. மாண்டிசோரியின் பெயர் நகரத்துப் பெயர்ப்பலகைகளில் ஏறியது இந்தக் காலத்தில்; வரிசையாக உட்கார்ந்து எழுத்தை நூறு தடவை எழுதும் வகுப்புகளும் அந்தப் பெயரில் நடந்தன. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு ஒதுக்கீடு தமிழ்நாட்டில் எல்.கே.ஜி.யிலிருந்தே கணக்கிடப்பட்டதால், அரசின் செலவிலேயே பிள்ளைகள் தனியார் நர்சரிக்குப் போகும் வழியும் திறந்தது.

தமிழ்நாட்டில் 54,439 அங்கன்வாடி மையங்கள் இருந்தன. 2019 ஜனவரியில், அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கின. தொடக்கப்பள்ளி இடைநிலை ஆசிரியர்களை அங்கே மாற்றியபோது, தங்கள் தகுதிக்குக் கீழான வேலை என்று ஆசிரியர்கள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போனார்கள். சின்னப் பிள்ளைக்குக் கற்பிப்பது பெரிய பிள்ளைக்குக் கற்பிப்பதைவிடக் கீழான வேலை என்ற எண்ணம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு அந்த வழக்கே சாட்சி. 2022-இல் பள்ளிக்கல்வித் துறை இந்த வகுப்புகளை நிறுத்தப்போவதாகச் செய்தி வந்து, எதிர்ப்புக் கிளம்பியதும் தொடரும் என்று அறிவிக்கப்பட்டது. தற்காலிகச் சிறப்பாசிரியர்களை மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் நியமிக்க முடிவாயிற்று. மற்ற மையங்களில் ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்ற பாடத்திட்டத்தைச் சமூக நலத் துறையின் அங்கன்வாடிப் பணியாளரே நடத்துகிறார், சமையலையும் மேற்பார்த்துக்கொண்டு.